குளத்தடி வீடு

"ஒரு மண்மேடு. அதுக்குப் பக்கத்துல இன்னொரு மண்மேடு. இதைப் பார்க்கவா ஜனங்க பார்க்கிங் தேடி அலைஞ்சு உள்ளே வருவாங்க?"

மஹதி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஷார்ஜாவில் இருந்த அந்தச் சிறிய தனியார் காட்சியகத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். சென்னைக்காரி. மத்திய அமெரிக்காவின் பழங்கால மாயன் மக்களைப் பற்றிய கண்காட்சி தொடங்கச் சில நாட்களே இருந்தன. பிரமிடின் மாதிரி வந்துவிட்டது. பச்சைக்கல் முகமூடியின் நகலும் வந்துவிட்டது. ஜோதிமணியின் பொறுப்பில் இருந்த சுவர் மட்டும் உயிரில்லாமல் நின்றது.

ஜோதிமணி கரூர்ப் பெண். தொல்லியல் படித்து, மத்திய அமெரிக்கக் காடுகளில் அகழாய்வுக் குழு ஒன்றோடு மண் சுரண்டி, கொசுக்கடி வாங்கி, பிறகு ஒப்பந்த வேலையில் இங்கே வந்து சேர்ந்தவள். அவள் வரைந்து மாட்டியிருந்தது ஒரு சிற்றூரின் படம். ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் காட்டுக்குள் மறைந்துபோன ஊர்.

"பிரமிடு ராஜாவோடது மேடம். இது ஜனங்களோடது. பாருங்க, இந்த நாலு மேடும் நாலு வீடு. நடுவுல ஒரு முற்றம். அண்ணன், தம்பி, அவங்க பிள்ளைங்க. செத்தவங்களைக்கூட வெளியே கொண்டு போகாம வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைச்சுக்கிட்டாங்க. இந்த மாதிரி ஆறேழு முற்றம் சேர்ந்து ஒரு குளத்தைச் சுத்தி இருக்கு. அதுதான் ஒரு பேட்டை."

"இது மட்டும் பெருசா இருக்கே?"

"அது குளத்தடி வீடு. குளத்தைத் தூர் வாருறது, தண்ணியைச் சுத்தமா வெச்சுக்கறது எல்லாம் அவங்க பொறுப்பு. விசேஷம்னா பேட்டைக்கே அங்கேதான் சாப்பாடு. வீட்டுக்குப் பின்னால தோண்டினா சாம்பலும் உடைஞ்ச சட்டியுமா வந்துக்கிட்டே இருக்கும்."

"பேரு இல்லை, கல்வெட்டு இல்லை. இத்தனை வீடும் ஒரே பேட்டைன்னு எதை வெச்சுச் சொல்றே?"

"யார் எங்கே தண்ணி எடுத்தாங்க, யாரோட உட்கார்ந்து சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாப் போதும். மத்ததெல்லாம் தானா தெரிஞ்சிடும்."

சொல்லும்போதே ஜோதிமணிக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அவள் தங்கியிருந்த ரோலாச் சந்திலும் அப்படி ஒரு பேட்டை இருக்கிறது. அதையும் அதே அளவில், அதே புள்ளிகளால் வரைந்து பக்கத்தில் மாட்டினால்? பார்க்கிறவன் தன் தெருவைப் பார்த்துவிட்டு, அப்புறம் மாயன் தெருவைப் பார்ப்பான். அப்போது மண்மேடு மண்மேடாகத் தெரியாது.

மஹதிக்குக் கேட்டவுடன் பிடித்துவிட்டது. "செய். சீக்கிரம் செய்" என்றாள்.

ரோலாவில், பணம் அனுப்பும் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் ஒரு பழைய கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் குடியிருந்தாள். கீழக்கரைக்காரி. அக்காவை லாத்தா என்பது அவள் ஊர் வழக்கம்; சந்தில் இருந்த ஆண்களுக்கும் அவள் லாத்தாதான், முதுகுளத்தூர் முருக பக்தன் உட்பட. அந்தச் சந்தில் பாதிப் பேர் அவள் சமையலைத்தான் சாப்பிட்டார்கள். ஜோதிமணியும்.

கணவர் மீராசா துபாய் தேராவில் வாசனைச் சாமான் கடையில் நெடுங்காலம் விற்பனையாளராக இருந்தவர். இடுப்பு விழுந்துபோய் இப்போது கட்டிலோடு சரி. பழைய முதலாளி மனசு வைத்து விசாவை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதனால் மெஸ்ஸில்தான் குடும்பம் ஓடியது. அதற்கு அனுமதிச் சீட்டெல்லாம் கிடையாது. வீட்டு ஒப்பந்தம் 'ஒரு குடும்பம் மட்டும்' என்று சொன்னது. ஆனால் பெரிய அறையில் பிளைவுட் தடுப்பு அடித்து ஆறு பேர் தங்கியிருந்தார்கள். அவர்கள் கொடுத்ததில் பாதி வாடகை கழிந்தது.

இத்தனையும் ஒரு காரியத்துக்காக. மகள் பாஹிமா பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வு இந்தக் குளிர்கால முடிவில். நடுவில் ஊருக்குக் கிளம்ப நேர்ந்தால் அவள் படிப்பில் ஒரு வருஷம் போய்விடும். "புள்ள கடைசிப் பரீட்சை எழுதிட்டு வெளிய வரட்டும். அன்னைக்கே இந்த ஊரை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்" என்று ஃபிர்தௌஸ் எல்லோரிடமும் சொல்வாள்.

ஜோதிமணி வந்து படத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் அடுப்பைப் போய் யாரு புள்ள டிக்கெட் எடுத்துப் பார்ப்பா?"

"அடுப்பு இல்லக்கா. உங்க சோறு எந்தெந்த ரூமுக்குப் போகுதுன்னு ஒரு படம். வெறும் புள்ளிதான். ஆள் பேரு கிடையாது, தெருப் பேரு கிடையாது, பில்டிங் பேரும் கிடையாது."

கட்டிலில் இருந்து மீராசா குரல் கொடுத்தார். "பேரே இல்லாட்டி அப்புறம் எதுக்கும்மா அந்தப் படம்?"

"மாயன்னு ஒரு ஜனங்க எப்படிச் சேர்ந்து வாழ்ந்தாங்கன்னு புரியறதுக்குண்ணே."

"அவங்க இப்ப எங்கே?"

"பேரப்பிள்ளைங்க வழியில நெறைய பேரு இருக்காங்க. நான் படம் போட்டவங்க போய்ச் சேர்ந்து ஆயிரம் வருஷம் ஆச்சு."

"செத்தவங்களுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?" ஃபிர்தௌஸ் சிரித்தாள். பிறகு கையை உதறிவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். "போட்டுக்க. ஆனா எங்க பேரு எங்கயும் வந்துறக் கூடாது. பாத்துக்க."

"வராதுக்கா. நான் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை மதியம் சாதிக் பாட்ஷாவோடு அவள் சந்தைச் சுற்றினாள். அவர் ஃபிர்தௌஸுக்குச் சின்னம்மா மகன், நாற்பது தாண்டியவர். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றில் சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கி, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவது அவர் வேலை.

"இந்த மாடி பூரா முதுகுளத்தூர்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "எதிர் மாடி பேராவூரணி. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"ஏனுங்ண்ணா?"

"சேர்ந்து ஒரு வாஷிங் மெஷின் வாங்குனாங்க. அதோட சரி."

"ஆனா சோறு ஒரே இடத்துலேர்ந்துதானே வருது?"

"அதுலயும் ரோஷம் பார்த்தா வயிறு காயுமே. ஆமா, எதுக்கு இத்தனை குறிக்கிறே? நீ என்ன போலீஸா?"

"ஆமாண்ணா. மாயன் போலீஸ்."

"அது எந்த எமிரேட்டு?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த படிக்கட்டில் ஏறினார்.

படம் அழகாக வந்தது. ஒரு வளைந்த சந்து, அதன் இருபுறமும் கட்டடங்களின் கோடு, ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு புள்ளி, எல்லாப் புள்ளிகளில் இருந்தும் மெல்லிய கோடுகள் போய்ச் சேரும் ஒரு பெரிய புள்ளி. அதன் அடியில், மாயன் படத்தில் இருந்ததைப் போலவே 'குளத்தடி வீடு' என்று எழுதினாள். பெயர் எதுவும் இல்லை. சொன்ன சொல்லை அவள் காப்பாற்றிவிட்டாள்.

கண்காட்சி தொடங்குவதற்கு முந்திய நாள் மஹதி ஒரு பெட்டி நிறைய வட்ட ஸ்டிக்கர்களோடு வந்தாள். சிவப்பு நிறம்.

"ஜனங்க சும்மா பார்த்துட்டுப் போகக் கூடாது. கை வைக்கணும். 'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? யாரோடு சாப்பிடுகிறீர்கள்? ஒட்டுங்கள்.' எப்படி?"

"இந்தச் சந்து எதுன்னே தெரியாதே மேடம். எப்படி ஒட்டுவாங்க?"

"சும்மா கற்பனைக்கு ஒட்டட்டுமே. குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

நல்ல யோசனை என்றுதான் ஜோதிமணிக்கும் பட்டது. ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நுழைவு இலவசம். சாதிக் பாட்ஷா சொல்லி, சந்தே திரண்டு வந்துவிட்டது. துவைத்துத் தேய்த்த சட்டை, தலையில் எண்ணெய், கையில் போன். பிரமிடின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முகமூடியின் முன்னால் நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஜோதிமணியின் சுவருக்கு வந்தார்கள்.

வேலுச்சாமிதான் முதலில் கண்டுபிடித்தான். ஏசி குழாய் பொருத்துகிறவன், ஃபிர்தௌஸ் வீட்டுத் தடுப்புக்குள் தங்கியிருந்த ஆறு பேரில் மூத்தவன்.

"டேய், இது நம்ம சந்துடா! இந்த வளைவைப் பாரு. சலூன் திரும்புற இடம்."

"பேரே போடலையேண்ணே."

"பேரு வேற போடணுமாக்கும். தினம் மிதிக்கிற எனக்கு என் தெரு தெரியாதா?"

"அப்ப இந்தப் பெரிய புள்ளி?"

"லாத்தா வீடு! குளத்தடி வீடாம். பாருடா, அந்தக் காலத்துல ராணி மாதிரி இருந்திருக்காங்க."

கூட்டம் நெருங்கி வந்தது. யாரோ ஸ்டிக்கர் பெட்டியைத் திறந்தார்கள்.

"என்னை ஒட்டு வேலு."

"இருடா, வரிசையா வர்றேன். இது நானு. இது நீ. இது அன்பரசன்."

"அன்பரசனுக்கு ரெண்டு ஒட்டுண்ணே. குறட்டையில ரெண்டு ஆள் இடம் புடிக்கிறான்."

ஆறு பேருக்கும் வேலுச்சாமியே ஒட்டினான். பேனாவை எடுத்து ஒவ்வொரு புள்ளியிலும் பெயரை எழுதினான். அதைப் பார்த்துவிட்டு முதுகுளத்தூர் மாடி வந்து ஒட்டியது. அவர்கள் ஒட்டியதைப் பார்த்துப் பேராவூரணி மாடி விடுமா? எங்கே தூங்குகிறார்கள் என்று ஒரு புள்ளி, எங்கே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு புள்ளி. பெரிய புள்ளி சிவந்து வீங்கி, அதன் மேல் புள்ளி மேல் புள்ளியாக ஏறியது. யாரோ ஒருவன் குண்டு எழுத்தில் 'ஜன்னத் லாத்தா மெஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சோற்றுப் பானையும் வரைந்தான்.

ஜோதிமணி அவர்கள் நடுவில்தான் நின்றாள். தங்களை ஒரு சுவரில் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை அவள் எந்தக் காட்சியகத்திலும் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். வேலுச்சாமி கூப்பிட, அவர்களோடு நின்று படமும் எடுத்துக்கொண்டாள். அங்கே வந்திருந்த நிருபர் எடுத்த அந்தப் படம், பின்சுவரில் இருந்த பெயர்களோடு தெளிவாக, ஒரு நாளிதழில் வந்தது. மஹதி அதை அவளுக்கு அனுப்பி, கீழே கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சாதிக் பாட்ஷா போன் செய்தார். குரலில் வழக்கமான கேலி இல்லை.

"ஜோதி, எங்கே இருக்கே? பில்டிங் ஓனர் ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளு வந்துட்டுப் போறான். கையில பேப்பர். உன் படம். ஒரே வீட்டுல எத்தனை பேரு இருக்கீங்க, உள்ளே ஓட்டலா நடத்துறீங்கன்னு கதவுக்கு வெளியே நின்னு கேக்குறான். லாத்தா கதவைத் திறக்கலை. நாளைக் காலையில சாவியோட வர்றானாம். உள்ளே தடுப்பு இருந்தா ஒப்பந்தம் கலாஸ். உடனே காலி பண்ணணுமாம்."

"எப்படிண்ணா அவங்களுக்குத் தெரிஞ்சுது? அட்ரஸே இல்லையே."

"சந்து வளைவு எங்களுக்குத் தெரியும்போது கட்டடத்துக்காரனுக்குத் தெரியாதா?"

ஜோதிமணி சுவரின் முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் அவள் பார்த்த சுவர்தான். இப்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. காட்டில் ஒரு முற்றத்தைக் கண்டுபிடித்து, இங்கே இத்தனை பேர் தூங்கினார்கள், இங்கே சமைத்தார்கள் என்று புள்ளி வைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த வீட்டுக் கதவை யாரும் போய்த் தட்ட முடியாது. அவள் கை இறந்தவர்களை மட்டுமே வரைந்து பழகியது. அந்தக் கையால் அவள் பக்கத்து வீட்டை வரைந்துவிட்டாள்.

நகத்தால் ஸ்டிக்கர்களைச் சுரண்டத் தொடங்கினாள். காவலாளி ஓடிவந்து, "மேடம், மாஃபி, மாஃபி, கூடாது" என்று கையை மறித்தான். மஹதி வந்தாள்.

"என்ன பண்றே ஜோதி? இதுதான் நம்ம ஹிட்டே."

ஜோதிமணி சொன்னாள். மஹதி கேட்டுவிட்டு, "நீ பேரு போடலையே. அவங்களா வந்து ஒட்டிக்கிட்டாங்க. இதுல நம்ம தப்பு என்ன இருக்கு?" என்றாள்.

"ஒட்டுங்கன்னு எழுதி வெச்சது நாமதானே மேடம்."

 மஹதி செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறி, மேல்வரிசையில் இருந்து அவளும் உரிக்க ஆரம்பித்தாள். சுவர் வெள்ளையானது. நாளிதழ் வெள்ளையாகவில்லை.

ஃபிர்தௌஸ் வீட்டுக்கு ஜோதிமணி போனபோது மாலை அசர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அடுப்பு எல்லாம் அணைந்திருந்தது. பாஹிமா சுவர் ஓரமாக வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு வராதுன்னு சொன்னே" என்றாள் ஃபிர்தௌஸ்.

"நான் போடலைக்கா..."

"யாரு போட்டான்னு நான் கேக்கலை. வந்துச்சா, இல்லையா?"

"வந்திருச்சு."

"அவ்வளவுதான்."

மீராசா கட்டிலில் எழுந்து உட்கார முயன்றார். "அந்தப் புள்ளையை ஏன் ஏசுறே? அது வேணும்னா செஞ்சுச்சு?"

"நீங்க சும்மா இருங்க. வேணும்னு செஞ்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இதுக்கு நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போட?" அவள் ஜோதிமணியின் பக்கம் திரும்பினாள். "செத்தவங்களைப் படம் போடு, யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நாங்க உசுரோட இருக்கோமே புள்ள. எங்களைப் போட்டா நாங்க எங்கே போய் ஒளிய?"

"நான் அந்த ஆபீஸுக்குப் போய்ப் பேசறேன்க்கா. அது சும்மா கண்காட்சிதான்னு விளக்கமாச் சொல்றேன்."

"வேணாம். நீ இனிமே எங்களைப் பத்தி யாருக்கும் எதையும் விளக்காதே."

கதவு திறந்தது. வேலுச்சாமியும் மற்ற ஐந்து பேரும் வேலையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். சீருடையில் சிமென்ட் புழுதி. வேலுச்சாமி வாசலைத் தாண்டி வரவில்லை.

"நான்தான் லாத்தா ஒட்டுனேன். ஆறு பேருக்கும் நானே ஒட்டுனேன்."

"ஏன்டா?"

"பெருமையா இருந்துச்சு." அவன் தரையைப் பார்த்தான். "பதினோரு வருஷமா இந்த ஊர்ல கிடக்கேன். நான் இங்கே இருக்கேன்னு எங்கேயும் ஒட்டுனதே இல்லை லாத்தா."

 ஃபிர்தௌஸ் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"உள்ளே வா. வாசல்ல நின்னா எவனாவது பார்ப்பான். நாளைக்கு அந்த ஆளு வந்தா சொந்தக்காரங்கன்னு சொல்லிருவோம்."

"எப்படி லாத்தா? மீராசா அண்ணனுக்கு வேலுச்சாமி தம்பியா?" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"அன்பரசன் மருமகன்" என்றார் மீராசா கட்டிலில் இருந்து. யாரோ ஒருவன் சிரித்து, பாதியில் நிறுத்தினான்.

 ஒரே முற்றத்தைச் சுற்றிப் படுத்தவர்கள் ஒரே ரத்தம் என்றுதான் ஜோதிமணி படித்த புத்தகங்கள் எழுதின. இந்த வீட்டைத் தோண்டுகிறவன் இவர்களையும் அப்படித்தான் எழுதுவான். அது பொய்யா, உண்மையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"சொந்தமெல்லாம் சொன்னா ஐடி கேப்பான் லாத்தா" என்றான் வேலுச்சாமி. "நாங்க போயிடுறோம். கம்பெனி கேம்ப் இருக்கே, சஜாவுல. பெட் காலியாத்தான் கிடக்கு."

"அங்கே சோறு?"

"சோறுன்னு ஒண்ணு போடுவான்."

"நீங்க போயிட்டா வாடகை..." பாஹிமா சொல்ல வந்து நிறுத்தினாள். இத்தனை நேரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். ஃபிர்தௌஸ் மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கணக்குப் போட்டு முடித்துவிட்டது தெரிந்தது.

"அது அப்புறம். நீ புத்தகத்தைப் பாரு" என்றாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அன்பரசன் ஸ்க்ரூ டிரைவரோடு தடுப்பைக் கழற்றினான். பலகைகளைப் போர்வையில் சுற்றி ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்கள். சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை வேலுச்சாமி பற்பசையால் அடைத்தான். பிரியாணி தேக்சாக்களை முதுகுளத்தூர் மாடி வாங்கிக்கொண்டது. பெரிய அடுப்பைத் தூக்க ஆள் பத்தவில்லை. பேராவூரணி மாடிக்காரன் ஒருவன் தானாக வந்து மறுபக்கம் பிடித்தான். "பார்த்துப்பா, படி" என்றான் முதுகுளத்தூர்க்காரன். "தெரியுது, தெரியுது" என்றான் அவன்.

ஜோதிமணி கை நீட்டிய இடத்திலெல்லாம் வேறு ஒரு கை முந்திக்கொண்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. நகரு என்றுகூடச் சொல்லவில்லை. அகழாய்வில் அவள் பார்த்ததெல்லாம் போனவர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்கள். ஒரு பேட்டை கலைவதை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

கிளம்பும்போது ஆறு பேரும் மீராசாவின் கட்டிலருகே வந்து சொல்லிக்கொண்டார்கள். வேலுச்சாமி பாஹிமாவிடம், "பாப்பா, சத்தம் இல்லாமப் படி. இனிமே குறட்டை கேட்காது" என்றான். அவள் முகத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

காலையில் ஓனர் ஆபீஸ் ஆள் சாவியோடு வந்தான். ஃபிர்தௌஸ் கதவைத் தானே திறந்தாள். அவன் செருப்போடு உள்ளே வந்து, பெரிய அறையைப் பார்த்தான். காலியான தரையின் நடுவில் பாயை விரித்து, சுற்றிலும் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு பாஹிமா உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் மூன்று பேருக்கான சின்னச் சட்டி.

"பேப்பரில் போட்டிருந்ததே, அதெல்லாம் என்ன?" என்று இந்தியில் கேட்டான்.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இருந்தவங்களைப் பத்தின படம் பாய்" என்றாள் ஃபிர்தௌஸ். "எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

அவன் சுவரைத் தடவிப் பார்த்தான். விரலில் பற்பசை ஒட்டியது. அதை மோந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு பாஹிமாவைப் பார்த்தான்.

"என்ன கிளாஸ்?"

"பன்னிரண்டு" என்றாள் பாஹிமா.

"என் பொண்ணும்" என்றான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். "மறுபடி வருவேன். சொல்லாமல் வருவேன். வெளி ஆள் ஒருத்தன் இருந்தாலும் அன்றைக்கே பூட்டு."

அவன் சொன்னபடியே வந்தான். இரண்டு முறை. ஆளும் இல்லை, அடுப்பும் இல்லை. தேர்வுகள் தொடங்கின. பாஹிமா சீருடையில் பள்ளிப் பேருந்துக்குப் போவதைத் தன் ஜன்னலில் இருந்து ஜோதிமணி பார்ப்பாள். சாதிக் பாட்ஷா அஜ்மானில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சந்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சாப்பிட்டார்கள். சிலர் அறையிலேயே பொங்கித் தின்றார்கள், சிலர் வேறு அறை தேடிப் போய்விட்டார்கள். காட்சியகத்தில் ரோலாப் படம் இருந்த இடத்தில் மஹதி மண்பானை நகல்களை அடுக்கிவிட்டாள். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஃபிர்தௌஸ் வளையலை விற்றுவிட்டாள் என்று சலூன்காரர் சொன்னார். அதைக் கேட்ட மறுநாள் ஜோதிமணி தக்காளிச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். நன்றாக வரவில்லை. ஆனாலும் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படியில் ஏறியதே இல்லை.

கதவைத் திறந்த ஃபிர்தௌஸ் இளைத்திருந்தாள். தூக்கைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"வா."

"பாஹிமா இல்லையாக்கா?"

"பரீட்சைக்குப் போயிருக்கா. இன்னும் ரெண்டு இருக்கு. அது முடிஞ்சதும் டிக்கெட். நோன்பு ஊர்லதான்." தூக்கை வாங்கிக்கொண்டாள். "இது என்ன?"

"தக்காளிச் சாதம். கொஞ்சம் குழைஞ்சிருச்சு."

"பரவாயில்லை."

மீராசா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய அறையின் சுவரில், பற்பசை காய்ந்து உதிர்ந்த இடங்களில் ஆணி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஜோதிமணி உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. சமையலறையில் சாதத்தை வேறு சட்டிக்கு மாற்றும் சத்தமும், குழாய் திறக்கும் சத்தமும் கேட்டன. ஃபிர்தௌஸ் தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்த மாதிரிப் பளபளவென்று கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். மூடியை அழுத்திப் போட்டு நீட்டினாள்.

ஜோதிமணி வாங்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை என்பது கையில் தெரிந்தது. கரூரிலும் சரி, கீழக்கரையிலும் சரி, வந்த பாத்திரத்தை ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் யாரும் திருப்பித் தருவதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபிர்தௌஸ் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டாள்.

"வெறுமையாத் தர்றேன்னு மனசுல வெச்சுக்காதே புள்ள. கோவத்துல இல்லை" என்றாள். பின்னால் திரும்பி அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். "போட்டுத் தர வீட்டுல ஒண்ணும் இல்லை."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.